இருநூற்று முப்பது டிகிரி

துணி முடிச்சுகளை அவிழ்க்கும்போது மகள் எண்ணிக்கொண்டே வருவாள். முந்தின நாள் சாயங்காலம் பதினேழு கட்டியிருந்தோம். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துச் செய்த துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஈர முடியைச் சிறு சிறு கற்றையாக எடுத்து, துண்டில் கீழிருந்து மேலாகச் சுற்றி, மண்டையோடு ஒட்டி முடிச்சுப் போட்டுவிட்டால், காலையில் அவிழ்க்கும்போது சுருள் சுருளாக நிற்கும். நிற்க வேண்டும். நான் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக அவிழ்த்து, விரலால் தட்டிப் பார்த்து, தேறியது தேறாதது சொல்லிக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சரின் சலிப்பு அவள் குரலில் இருந்தது.

"பதினொன்னு தேறும். ஆறு தொங்குதும்மா."

"பின்னாடிதானே?"

"பின்னாடி நாலு. காதுகிட்ட ரெண்டு."

பின்மண்டை போனால் யாருக்குத் தெரியப்போகிறது, கொண்டை போட்டு மறைத்துக்கொள்ளலாம். காதோரம் அப்படியில்லை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான். கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். நனைந்த சணல் மாதிரி இரண்டு கற்றை தோளில் கிடந்தது. மகள் தேறிய சுருள் ஒன்றை இழுத்து அதன்மேல் போட்டுக் கிளிப் குத்தினாள்.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் இந்தக் கூத்து புரியும். மூன்று மாடி வீட்டுச் சாமான் கடை ஒன்றில், இரண்டாவது மாடியில், முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர் விற்கிற கம்பெனியின் கவுண்டரில் நிற்கிறேன். விற்கிறேன் என்பதைவிட, செய்து காட்டுகிறேன். வருகிறவர்கள் முன்னால் என் தலையிலிருந்தே ஒரு கற்றையை எடுத்து, தகடுகளுக்கு நடுவில் வைத்து, மேலிருந்து கீழே இழுத்தால், சுருள் பளபளவென்று நேராக இறங்கும். ஒரு பக்கம் சுருள், ஒரு பக்கம் நேர். அதுதான் டெமோ. நாளைக்கு ஐந்து, கூட்டமிருந்தால் எட்டு. வீட்டுக்குப் போய்த் தலையை அலசினால் எல்லாம் பழையபடி சுருண்டுவிடும். மறுநாள் காலையில் புதுத் தலையோடு வந்து நிற்பேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு நேர்காணல் என்று போனபோது என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னலை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். அவிழ்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அவ்வளவு முடி. பள்ளிக்கூடத்தில் என்னைப் புதர் என்று கூப்பிட்டார்கள். ரிப்பன் கட்டினால் அறுந்துபோகும், சீப்பு போட்டால் பல் உடையும். அம்மா என் தலையை வாரும்போதெல்லாம் இதை எவன் கட்டிக்கப் போறான் என்று முணுமுணுப்பாள். ஒருவர் கட்டிக்கொண்டார், பதினொரு வருடம் இருந்தார், இப்போது வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். அந்தம்மாவுக்கு நேரான முடி என்று கேள்வி. இப்படி வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கிக்கொடுத்த முடி, எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போடும் என்று யார் நினைத்தார்கள்?

முதல் மூன்று வருடம் ஒரு குறையுமில்லை. நாலாவது வருடம், தலை அலசிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தபோது பின்மண்டையில் ஒரு கற்றை சுருளாமல் கிடந்தது. ஷாம்பு சரியில்லை என்று நினைத்தேன். தண்ணீர் சரியில்லை என்று நினைத்தேன். ஒரு வாரம் அந்த இடத்தில் கை வைக்காமல் விட்டுப் பார்த்தேன். அது செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வெந்த முடி திரும்ப வேகாத முடி ஆகாது. அப்புறம் பக்கத்துக் கற்றை, அதற்குப் பக்கத்துக் கற்றை. முன்னால் மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டு, போனதையெல்லாம் துணி முடிச்சுப் போட்டுச் சுருட்டிக்கொண்டு போகிறேன். மறுநாள் அதையே மெஷினில் வைத்து நேராக்குகிறேன். நேராகக் கிடக்கிற முடியைக் கஷ்டப்பட்டுச் சுருட்டி, சுருட்டின முடியைக் காசு வாங்கிக்கொண்டு நேராக்குகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தப்பு மெஷின்மேல்தான், ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. எங்கள் மெஷினுக்கு ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் இருநூற்று முப்பது டிகிரி, அதற்குக் கீழே இறங்காது. பெட்டியில் ‘அடர்ந்த சுருள்முடிக்கென்றே’ என்று போட்டிருக்கும். அடர்த்தியான சுருள்முடிக்கு என்ன வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு விரல் அகலத் தகடு வேண்டும், ஒரே இழுப்பில் முடிகிற மாதிரி. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பட்டன் வேண்டும், நூற்று எழுபதிலிருந்து ஆரம்பித்து அதற்கே படிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முடி முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். சூடு தாங்குகிற திரவம் தடவ வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவைக்குமேல் கூடவே கூடாது. அந்தத் தகடும் பட்டனும் உள்ள மெஷின் எனக்கு நாலடி தள்ளி, எதிர்க் கம்பெனி ரேக்கில் இருக்கிறது. அதன் பக்கம் நான் கை காட்டக்கூடாது.

வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். அந்த மெஷின் எங்கள் வாசற்படியைத் தாண்டாது. மகளுக்கு என் முடி. என்னுடையதைவிட ஒரு பங்கு கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை ஈரத்தலையோடு அவளை உட்காரவைத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் சண்டை போடுவாள். இருபது வயது. அலுவலக நிர்வாகம் படித்தாள், மூன்று இடத்துக்கு நேர்காணல் போனாள். ஒரு இடத்தில், கொஞ்சம் நீட்டா வந்திருக்கலாமே என்று அவள் தலையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் துண்டால் மூடிக்கொள்கிறாள்.

"ஊருக்கெல்லாம் நேராக்கி விடுற. எனக்கு மட்டும் மாட்டேங்குற" என்பாள்.

"ஊருக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல, என் தலையைப் பாக்குறல்ல" என்பேன். அதோடு இரண்டு நாள் பேச்சு நின்றுவிடும். சாயங்காலம் முடிச்சுக் கட்ட மட்டும் தவறாமல் வந்து நிற்பாள்.

அன்றைக்கும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெயிலானாலும் குடை இல்லாமல் நான் வெளியே போவதில்லை. நிஜமான சுருள் தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். துணியில் கட்டின சுருள் தண்ணீர் பட்டால் போயே போச்சு. கடையில் இது யாருக்கும் தெரியாது. எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் இஸ்திரிப் பெட்டி விற்கிறவர், "அக்கா, வானத்துல ஒரு மேகம் இல்ல, யாருக்காகக் குடை பிடிக்கிறீங்க?" என்று தினமும் கேட்பார். அவருக்கு வயசு அம்பதைத் தாண்டிவிட்டது, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரும் நாளெல்லாம் ஒரே சட்டையைக் கசக்கிக் கசக்கித் தேய்த்துக் காட்டுகிறவர்தான். சட்டை நைந்தால் கம்பெனி வேறு சட்டை அனுப்பும்.

பதினொரு மணிக்கு எங்கள் மேற்பார்வையாளர் வந்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சீப்பு. தலையில் பேருக்குக்கூட முடி கிடையாது, சட்டைப் பையில் மட்டும் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு எட்டிப் பார்க்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. சரக்கு எண்ணிக்கை பார்த்துவிட்டு, தூண் பக்கமாக நின்று ஃபோனில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், கூட அவள் அண்ணி. பெண்ணின் தலையைப் பார்த்ததும் எனக்கு என் இருபத்தைந்து வயது ஞாபகம் வந்தது. ரப்பர் பேண்டுக்கு வெளியே பாதி முடி திமிறிக்கொண்டு நின்றது.

"இவளுக்குத்தாங்க. நல்ல கெட்டி முடி. எது எடுத்தாலும் ஒரு மணி நேரத்துல பழையபடி ஆயிடுது. உங்க மெஷின் தாங்குமா?" என்று அண்ணி கேட்டார்.

"என் முடியைப் பாருங்க, இதைவிடவா?" என்று வழக்கமான பேச்சை எடுத்தேன். வலது பக்கத்தில் உயிரோடிருக்கிற கற்றைகளில் ஒன்று, அந்த வாரம் அதிகம் தொடாதது. அதை எடுத்துத் தகட்டில் வைத்து இழுத்தேன். நேராக விழுந்தது. அண்ணிக்குப் பிடித்துப்போனது, பையைத் திறந்தே விட்டார். அந்தப் பெண் மட்டும் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பச் சுருளுமாக்கா?"

"தண்ணி பட்டா திரும்பிடும். கவலையே வேணாம்."

ஆறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை சொன்னது. சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள், பில் போடப் போவார்கள். இந்தப் பெண் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கொஞ்சம் நனைச்சுக் காட்டுறீங்களா? கோவிச்சுக்காதீங்க. எனக்கு இந்தச் சுருள் பிடிக்கும். ஆஃபீசுக்காகத்தான் நேராக்கிக்கிறது."

"அதான் சொல்றாங்கல்ல" என்றார் அண்ணி.

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தோன்றவில்லை. பாட்டிலை வாங்கி உள்ளங்கையில் ஊற்றி, நேராக்கின கற்றையில் தடவினேன். அது சுருண்டிருக்க வேண்டும். நம்பித்தான் தடவினேன், அது உயிருள்ளது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கற்றை. தொங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். தண்ணீர் காதோரம் வழிந்தது. அங்கே துணியில் கட்டிச் சுருட்டின கற்றை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கிளிப் தெரிந்தது. அதற்குக் கீழே மறைத்து வைத்திருந்த சணலும் தெரிந்தது. என் கதை கந்தலாகிவிட்டதை எதிரே இருந்த கண்ணாடியில் நானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் பாட்டிலை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவமானமாக இருந்தது. அதோடு கூடவே, இந்தத் தலையாவது தப்பட்டும் என்று ஒரு வெறியும் வந்தது. குனிந்து அவளிடம் சொன்னேன்.

"அந்த ரேக்ல மூணாவது தட்டு. அகலத் தகடு, சூட்டைக் குறைக்கிற பட்டன் இருக்கும். நூத்தெழுபதுக்கு மேல போகாத. வாரத்துக்கு ஒரு நாள்தான்."

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நன்றி சொல்கிற முகமாக இல்லை, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிற முகமாக இருந்தது. அவர்கள் எதிர் ரேக்குக்குப் போனதும் நிமிர்ந்தேன். சீப்பு ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து நின்றிருந்தார்.

மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே காலி அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேற கம்பெனிக்கு அனுப்புனீங்க பாருங்க, அதை நான் கேக்கல. மேல சொல்லவும் மாட்டேன்" என்றார். "முடி எவ்வளவு நாளாக்கா இப்படி இருக்கு?"

"ரெண்டரை வருஷம்."

"அப்போ தினமும்?"

"துணி கட்டிக்கிறேன்."

அவர் கையால் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். டெமோவுக்கு முடி வேண்டும். இந்த முடியோடு நான் நின்றால் கம்பெனி பெயர் கெடும். விக் வைத்த பொம்மை வேண்டுமென்று அவரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாராம், பொம்மை முடியை ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு தலை வேணும்க்கா. ஆனா உங்க கை எனக்குத் தெரியும். இவ்வளவு நாள்ல காதுல சுட்டுக்கிட்டதா ஒரு புகார் கிடையாது. கையை விட எனக்கு இஷ்டமில்ல." சரிந்திருந்த ஒரு பெட்டியை நேராக்கி வைத்தார். "உங்க பொண்ணு ஒரு நாள் டிஃபன் பாக்ஸ் கொண்டாந்து குடுத்தாங்க, நான் இருந்தேன். அவங்களுக்கு உங்க முடிதானே? அவங்க உக்காரட்டும், நீங்க பண்ணுங்க. ரெண்டு பேருக்கும் வேலை."

அடிமடியிலேயே கை வைத்துவிட்டார். வைத்தது தெரியாமல், நல்லது செய்கிற மனுஷன் முகத்தோடு நின்றார். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

"அவ வரமாட்டா" என்றேன்.

"கேட்டுப் பாருங்க. இல்லன்னா வேற ஒரு பொண்ணு இருக்கு, அந்தப் பொண்ணுக்குக் கையும் இருக்கு. அப்புறம் உங்களை என்னால வெச்சுக்க முடியாது."

மகளிடம் சொல்லவே கூடாது என்றுதான் வீட்டுக்குப் போனேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்லிவிட்டு வேலை தேடினேன். எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலை வரைக்கும் ஒரு கடை விடவில்லை. பில் போடுகிற வேலைக்கு முப்பது வயதுக்குள் வேண்டுமாம். எனக்கு நாற்பத்து மூன்று. அழகு நிலையத்தில் ஒரு அம்மாள் என்னைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்துவிட்டு, இங்க வர்றவங்க உங்க தலையைப் பாத்தா ஓடிடுவாங்கம்மா என்றார். உண்மையைச் சொன்னார், கோபப்பட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் துணித் துண்டுகளோடு வந்து நின்றாள்.

"தலையை நனைச்சியா?"

"வேணாம்."

"நாளைக்கும் லீவா? என்னம்மா ஆச்சு?"

சொன்னேன். தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பு அவளைக் கேட்டதை மட்டும் விட்டுவிட நினைத்தேன், ஆனால் அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் நிற்கவில்லை. அவள் துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றாள்.

"நீ போகல."

"ஏன் போகல?"

"என் தலையைப் பாத்துட்டுக் கேக்குற பாரு."

"பாத்துட்டுத்தான் கேக்குறேன். தினமும் நான்தானே பாக்குறேன்." குரலை உயர்த்தவே இல்லை. "அந்த முடியிலதான்மா நான் படிச்சேன். என்னுது என்ன பெரிய இது? மூணு இடத்துல இதைப் பாத்துட்டு வேணாம்னாங்க. ஒரு இடத்துல இதைப் பாத்துட்டு வான்னு சொல்றாங்க. வேணாம்ங்கிற."

"மூணு வருஷம்தான்டி தாங்கும்."

"மூணு வருஷம் வேலை இருக்கும்ல?"

அவள் எனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தடுத்திருப்பேன். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆசை இருந்தது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு நான் மறுத்தது, இப்போது வேலை என்ற பெயரில் அவள் மடியில் வந்து விழுகிறது. அன்றைக்கு அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். என்னை நினைத்தா அவளை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எதிர்க் கம்பெனி ரேக்குக்குப் போய் நின்றேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. இஸ்திரிப் பெட்டிக்காரரிடம், சீப்பு வந்தால் இருமச் சொல்லிவிட்டுப் போனேன். வாங்க வருகிறவர்கள் எப்படி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்களோ அப்படி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஒல்லித் தகடு எல்லாவற்றையும் தள்ளினேன், அவள் முடிக்கு ஒரே இடத்தில் நாலு தடவை இழுக்க வேண்டிவரும். தகட்டின் ஓரம் கூராக இருந்ததைத் தள்ளினேன், முடி அறும். ஒன்றில் பட்டன் இருந்தது, ஆனால் நூற்றைம்பதிலிருந்து நேரே இருநூற்றுக்குத் தாவியது. மூன்றாவது தட்டில் கடைசியாக, அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன அதே மெஷின் இருந்தது. செராமிக் தகடு, இரண்டு விரல் அகலம், ஓரம் வழவழப்பு. நூற்று இருபதிலிருந்து பத்துப் பத்தாகக் கூட்டலாம். என் மகள் முடிக்கென்றே செய்த மாதிரி இருந்தது. மூடித் திறந்து பார்த்தேன், பிடி கைக்கு அடக்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சீப்பிடம் ஃபோனில் பேசினேன். "அந்த மெஷினை நான் என் காசுல வாங்கிக்கிறேன். நம்ம ஸ்டிக்கரை ஒட்டிக்கிறேன். கறுப்புதான், யாருக்கும் தெரியாது. அதுல டெமோ பண்றேன். விக்கிறது நம்மதை விக்கிறேன்."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நூத்தெழுபதுல நின்னா அந்தப் பளபளப்பு வராதுக்கா. பளபளப்பைப் பாத்துத்தான் வாங்குறாங்க. மாட்டுனா உங்க ரெண்டு பேர் வேலையும் போகும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

சரி என்றேன்.

திங்கட்கிழமை காலையில் மகள் எனக்கு முன்னால் எழுந்து குளித்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடைக்குள் நுழைந்ததும் கம்பெனி மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கவுண்டருக்கு முன்னால் புதிதாகப் போட்டிருந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். என் முடியை இழுத்துக் கொண்டை போட்டு வலைத்தொப்பி மாட்டியிருந்தேன், இனி அதை யாரும் பார்க்கத் தேவையில்லை. இஸ்திரிப் பெட்டிக்காரர் எங்களைப் பார்த்தார். தன் சட்டையைக் கசக்கி வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

பத்தரைக்கு நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள். சீப்பும் வந்து தூணோரம் நின்றார். பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்து பச்சையானது. அவள் பின்னலை அவிழ்த்தேன், முன்னால் நின்றிருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். ஒரு தலை எந்த வரிசையில் சாகும் என்று எனக்கு மனப்பாடம். பின்மண்டையில் அடிக் கற்றையிலிருந்து ஆரம்பித்தால் ரொம்ப நாள் தள்ளலாம். அங்கே விரலை விட்டேன்.

"முன்னாடி எடுங்கக்கா, எல்லாருக்கும் தெரியணும்" என்றார் சீப்பு.

நெற்றிக்கு மேலிருந்து ஒரு கற்றை எடுத்தேன். பிறந்த நாளிலிருந்து நான் அலசி, நான் சிக்கெடுத்த கற்றை. உதறினால் தோளில் வந்து முட்டி மேலே ஏறிக்கொள்ளும். தகட்டுக்கு நடுவில் வைத்து மூடினேன். அவளுக்குச் சூடு தெரியாமல் மண்டையிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்தேன். தோளைத் தாண்டியும் முடி முடியவில்லை. நெஞ்சைத் தாண்டியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் குனிந்தேன், இன்னும் குனிந்தேன், கடைசியில் அவள் இடுப்புக்குக் கீழே நாற்காலி விளிம்பு வரைக்கும் தகட்டைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இழுத்தால் இவ்வளவு நீளம் வரும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. மெல்லிசாக ஒரு புகை எழுந்தது. அவள் அந்த நுனியைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டாள், கண்ணாடி பக்கம் திரும்பவே இல்லை, உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். முன்வரிசையிலிருந்த ஒரு அம்மாள், தொட்டுப் பார்க்கலாமா என்று கை நீட்டினார். மகள் மடியிலிருந்த நுனியை, இன்னும் சூடு ஆறாததை, எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.